காட்சியாகும் கரை: நெய்தல் நிலமும் மறுக்கும் உரிமையும்

1984-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மாமல்லபுரத்துச் சின்னங்களின் தொகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குடைவரைகள், ஒற்றைக்கல் தேர்கள், பாறைப் புடைப்புச் சிற்பங்கள், கடற்கரைக் கோயில் ஆகியன அதில் இடம்பெற்றன. கடற்கரைக் கோயிலின் வடபுறத்தே மணலை ஒட்டி அமைந்த மீனவர் குப்பம் அதில் இடம்பெறவில்லை. இடம்பெறுவதற்குரிய இலக்கணமும் அதற்கு இல்லை. சின்னம் என்பது செய்து முடிக்கப்பட்டது. குப்பமோ நாள்தோறும் செய்யப்பட்டுக்கொண்டிருப்பது. எனினும் சின்னத்தைக் காண வருவோர் கோயிலோடு திரும்பிவிடுவதில்லை. கரையேற்றப்பட்ட படகு, உலரும் வலை, விடியற்காலையில் மீன் ஏலம் கூறும் குரல் ஆகிய அனைத்தும் அவர்கள் காண வந்தவற்றுள் அடங்கிவிடுகின்றன. ஓர் ஊரின் வாழ்வு பிறர் காண்பதற்குரிய காட்சியாகும்போது அவ்வூரார் இழப்பது யாது, அவ்விழப்பை எந்த அறத்தின் அளவுகோலால் அளப்பது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவைப் பொருளாதாரக் கணக்காக மட்டும் காண்பார் பலர். வருவாய் பெருகிற்றா, குறைந்ததா என்று கேட்டு அவர்கள் அமைவர். வருவாய் பெருகியுள்ளது என்பதில் ஐயமில்லை. ஒன்றிய அரசின் சுற்றுலாப் புள்ளிவிவரப்படி, நுழைவுக் கட்டணம் பெறும் நினைவுச் சின்னங்களுள் 2021-22-ஆம் ஆண்டில் வெளிநாட்டினர் மிகுதியாக வந்த இடம் மாமல்லபுரமே. 1,44,984 பேர் வந்த அவ்வாண்டில் தாஜ்மகாலும் அதற்குப் பின்தங்கியது. பெருந்தொற்றுக் காலத்துக் கணக்காதலின் இதனைக் கொண்டு மிகையாக முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆயினும் ஊரின் ஈர்ப்பு விளங்கும். பணக்கணக்கு அளக்க இயலாத ஒன்று இவ்வூரில் உண்டு. அதனைக் காணத் தமிழ்த் திணைக் கோட்பாடே துணைநிற்கிறது.

கருப்பொருளாக்கப்படும் மக்கள்

தொல்காப்பியம் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள் என்றும், மாந்தர் அகவொழுக்கம் உரிப்பொருள் என்றும் பகுக்கிறது. நெய்தலுக்குரிய உரிப்பொருள் இரங்கல். இப்பகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. மக்களின் தொழில் கருப்பொருளுள் வைத்து எண்ணப்படுகிறது; ஆனால் அத்தொழில் புரியும் மக்களின் உள்ளம் கருப்பொருளன்று. மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் பின்புலமாகலாம். மீன்பிடிப்பவன் மகளின் துயரம் பாட்டின் உயிராகவே நிற்கும். பின்புலமும் உயிரும் ஒரே மக்களிடத்து இயைந்திருப்பதனாலேயே நெய்தற்பாட்டு அறத்தோடு பொருந்திய கலையாகிறது எனலாம்.

சுற்றுலா இவ்வியைபைப் பிரிக்கிறது. படகும் வலையும் குடிலும் கரைமக்களுடையனவாகவே நிற்கின்றன. உரிப்பொருள் மட்டும் வருவோனுடையதாகிவிடுகிறது. அவனது ஓய்வு, களிப்பு, தேனிலவு, நினைவுக்கென எடுக்கும் ஒளிப்படம் ஆகியவற்றுக்குக் கரைவாழ்நர் கருப்பொருளாகின்றனர். விடுதிகள் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர்களிலும் இது புலப்படும். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், 1752-இல் கிளைவின் படை கைப்பற்றிய கோட்டை இருந்த ஊரில், 1974 முதல் இயங்கிவரும் விடுதியின் பெயர் ‘ஃபிஷர்மேன்ஸ் கோவ்’. மீனவன் பெயர் பலகையில் நிற்கிறது. தங்கும் கட்டணமோ மீன்பிடித்து வாழ்வோன் எண்ணிப் பார்க்கவும் இயலாதது. பெயர் சூட்டியோரிடம் தீய எண்ணம் இருந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. கருப்பொருளாக்குதல் பெரும்பாலும் அன்புடனேயே நிகழ்கிறது.

சங்க இலக்கியத்திலும் கடற்சிற்றூருக்கு வெளியாள் வருகிறான். தேரில் வரும் நெய்தல் தலைவனுக்கு அக்கரை வேட்கையின் இடம். தலைவிக்கு அது வாழும் இடம். இவ்விரு நோக்குகளின் மோதலை வெளிப்படையாகப் பேசுவது நற்றிணையின் 45-ஆம் பாட்டு. தலைவி கடலுள் புகுந்து மீன் பிடிப்போர் மகள். அவனோ கடைவீதி நிறைந்த பழைய நகரத்துச் செல்வனின் மகன். அறுத்து உலர்த்திய சுறாமீன் துண்டங்களைப் புள் கவராமல் காப்பது தங்கள் வேலை என்றும், தங்கள் மேல் புலால் நாறும் என்றும், ஆகவே விலகி நிற்க என்றும் தோழி அவனிடம் கூறுகிறாள். இதனைச் சேட்படை என்னும் துறையில் வைப்பர். தலைவனின் வேட்கையை மிகுவிப்பதற்காகத் தோழி கூறும் பொய்ம்மறுப்பு இது என்று கொள்ளும் மரபும் உண்டு. அதனை ஏற்றாலும் ஒன்று மறையாது. மறுக்க இயலும் நிலையில் ஒருத்தி நிற்கிறாள். கரை அவளுடையது, வந்தவன் நிற்க வேண்டிய தொலைவை அவள் குறிக்கிறாள். புலால் நாற்றத்தை அவள் குறையாகவும் கூறவில்லை, அழகாகவும் காட்டவில்லை. தன் தொழிலின் அடையாளமாகக் கூறுகிறாள்.

இன்றைய கடற்கரைச் சிற்றூரில் இம்மறுப்பைக் கூறவல்லார் உளரா என்று நோக்குதல் வேண்டும்.

ஒரே அலை, இரு வரவு

மாமல்லபுரம் புறவுலகின் பார்வைக்கு உட்பட்டது நேற்றன்று. 1772-லும் 1776-லும் அங்குச் சென்ற வில்லியம் சேம்பர்ஸ் தாம் கண்டவற்றை எழுத, அக்கட்டுரை 1788-இல் ஆசியக் கழகத்தின் ஆய்வேட்டில் வெளிவந்தது. கடலுள் மூழ்கிய கோயில்களின் செப்புத் தகடு வேய்ந்த முடிகள் கதிரொளியில் மின்னியதை அவ்வூர் முதியோர் நினைவுகூர்ந்ததாக அவர் குறித்துள்ளார். மாலுமிகள் இவ்வூரை ஏழு கோயில்கள் என்று வழங்கினர். இராபர்ட் சதே என்னும் ஆங்கிலக் கவிஞர் 1810-இல் தம் காப்பியம் ஒன்றில் இம்மூழ்கிய நகரைப் பாடினார். ஊரார் நினைவு இவ்வாறு ஐரோப்பியக் கற்பனைக்குப் பொருளாயிற்று. ஊரார் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

கடலடியில் கட்டுமானங்கள் உண்டு என்பதை மீனவர் தம் வலை சிக்கும் இடங்களைக் கொண்டு தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். 2002-இல் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் பிரித்தானியக் குழு ஒன்றும் இணைந்து, மீனவர் காட்டிய இடங்களில் மூழ்கி ஆய்ந்தன. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர்களும் செதுக்கிய கற்களும் காணப்பட்டதாக அறிவித்தன. செய்தித்தாள்கள் அதனைக் ‘கண்டுபிடிப்பு’ என்றன. வலை கிழிந்த இடத்தை நினைவில் வைத்திருப்பது அறிவாகாது, முக்குளித்து அளந்து எழுதினால்தான் அறிவாகும் என்னும் கொள்கை இச்சொல்லில் உறைகிறது. அளந்து எழுதுதலின் இன்றியமையாமையை ஆய்வுலகத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் வாய்மொழித் தரவு தந்தோரை ‘உள்ளூர் மீனவர்’ என்ற பொதுச் சொல்லால் கடந்துவிடும் பழக்கம் நம் களஆய்வேடுகளிலும் இல்லாததன்று.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வினாவை மிகக் கூர்மையாக்கியது. அலை எழுமுன் கடல் உள்வாங்கியபோது பாறைகளும் கற்களும் வெளிப்பட்டதைக் கரையிலிருந்தோர் கண்டனர். அலை மணலை அரித்தமையால் புதையுண்டிருந்த சிற்பங்கள் வெளிவந்தன. அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் பாறையொன்றில் வெளிப்பட்ட கல்வெட்டின் துணைகொண்டு 2005-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ, முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அமைந்த செங்கற் கோயிலைச் சங்க காலத்ததாகத் தொல்லியலார் கருதினர். தமிழியலுக்கு அது அரிய வரவு. அதே அலை தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது; குப்பங்களில் படகும் வலையும் வீடும் போயின. அறிவுலகின் வரவும் குப்பத்தின் இழப்பும் ஒரே நாளில் எழுதப்பட்டவை. ஒன்றைப் பதிவு செய்யும் ஏட்டில் மற்றொன்று அடிக்குறிப்பாகவும் வருவதில்லை.

புறம்போக்கும் விருப்பத் தேர்வும்

வருவாய்த்துறை ஆவணங்களில் கடற்கரை பெரும்பாலும் புறம்போக்கு. வரி விதிப்புக்குப் புறமாக விடப்பட்ட, பலர்க்கும் பொதுவான நிலத்தைக் குறித்த இச்சொல் நாளடைவில் வசைச்சொல்லாயிற்று. எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி 2017-இல் டி.எம். கிருஷ்ணா பாடிய பாடல் இதன் பழைய மதிப்பை மீட்க முயன்றது. மீனவர்க்குக் கரைமேல் உடைமை இல்லை, உரிமை உண்டு. படகு நிறுத்தவும், வலை பின்னவும், கருவாடு உலர்த்தவும், கரைவலை இழுக்கவும், ஏலம் விடவும் தேவையான இடம் எவர் பெயரிலும் பட்டாவாக இல்லை. அதனால் அது ஒழுங்கற்றதும் அன்று. பழவேற்காடு ஏரியில் மீன்பிடி இடங்களைக் குலுக்கல் முறையில் சுழற்சியாகப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறை, பட்டாவின்றியே பல தலைமுறைகளாக நடைபெற்றுவந்த ஒழுங்குக்குச் சான்று. ஆயினும் உடைமையை மட்டுமே காணப் பழகிய கண்ணுக்கு உலர்த்தும் மணல் வெற்று மணலாகவே தோன்றும். வெற்றிடம் என்று தோன்றிய பின் அதில் நாற்காலியிடுவது குற்றமாகத் தோன்றாது.

சட்டம் இவ்வுரிமையை அரைமனத்தோடு ஏற்றது. 1991 பிப்ரவரி 19-இல் வெளிவந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடுகளை விதித்தது. 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை மீனவரின் நெடுங்கால வீட்டுத் தேவையையும் பொதுப் பயன்பாட்டு இடங்களையும் கடற்கரை மேலாண்மைத் திட்டங்களில் குறிக்க வேண்டும் என்றது. 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் கட்டுமானமற்ற பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. கடற்கரையில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் இடமளித்தது. மாமல்லபுரத்தார்க்குக் கூடுதலாக ஒரு வரம்பும் உண்டு. 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டம் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுத்துள்ளது. கடற்புறத்திலிருந்து ஒரு சட்டமும் கோயிற்புறத்திலிருந்து ஒரு சட்டமும் நெருங்கிவர, இடையே இருப்பவன் தன் மகனுக்கு ஓர் அறை கட்டவும் இரு திசைகளில் விடை பெற வேண்டியவனாகிறான்.

பேரலைக்குப் பின் தமிழக அரசு 2005 மார்ச் 30-இல் பிறப்பித்த வருவாய்த்துறை அரசாணை எண் 172 அறவியல் நோக்கில் தனியே ஆராயத்தக்கது. உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோர் அதற்கு அப்பால் செல்ல விரும்பினால் 1.50 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு கட்டணமின்றி வழங்கப்படும். பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். செல்ல விரும்பாதோர் அங்கேயே தம் செலவில் வீட்டைச் செப்பனிட்டுக்கொள்ளலாம்; அரசின் உதவி கிடைக்காது. ஆணையில் வன்முறை இல்லை. உயிர்காக்கும் அக்கறையும் பொய்யன்று; கரையோரம் இருந்தமையாலேயே பலர் இறந்தனர். தேர்ந்துகொள்ளும் விருப்பமும் சொல்லளவில் உண்டு. ஆனால் வீடும் வலையும் இழந்து துயர்முகாமில் இருப்பவன் முன் வைக்கப்படும் விருப்பத் தேர்வு, விருப்பம் என்னும் பெயருக்கு உரியதுதானா? மறுத்தால் இழப்பு, ஏற்றால் கரையிழப்பு. காற்றின் திசையையும் நீரோட்டத்தின் நிறத்தையும் வாசலிலிருந்தே அறிந்து தொழிலுக்குப் புறப்பட்டவனுக்குக் கரையிழப்பு வெறும் இடமாற்றம் அன்று. ஒப்புதல் என்பது மறுப்பதற்கு இயலும் நிலையில்தான் பொருள்பெறும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இவ்வினா இன்னும் வெளிப்படையாக எழுந்தது. கிழக்கிலங்கையில் பொத்துவிலை அடுத்த அறுகம்குடா, தமிழ் பேசும் மக்கள் வாழும் மீன்பிடிக் கரை. அலைச்சறுக்கு விளையாட்டினால் உலகறிந்த ஊர். பேரலைக்குப் பின் இலங்கை அரசு தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் இடைவெளி வலயத்தை அறிவித்தது. வீடுகள் திரும்பக் கட்டப்படலாகாது; சுற்றுலாக் கட்டடங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. நவோமி கிளைன் 2007-இல் வெளியிட்ட தம் நூலில் அறுகம்குடாவையே சான்றாக எடுத்துக்கொண்டார். எதிர்ப்பின் பின் வலயம் தளர்த்தப்பட்டது என்பது உண்மை. எனினும் ஒரே அலை மீனவனுக்கு இடராகவும் விடுதிக்கு இடரற்றதாகவும் எவ்வாறு தோன்ற இயலும்? பாதுகாப்பு என்னும் காரணம் உள்ளீடற்றுப் போகும் இடம் இது.

மலைமேல் ஒரு நெய்தல்

பிறர் உழைத்த இடம் காட்சிப் பின்புலமாவது கடற்கரைக்கு மட்டும் உரியதன்று என்பதை உள்நாட்டுச் சான்று ஒன்றால் தெளியலாம். ஐதர் அலி பிறந்த ஊராகிய பூதிகோட்டையை அடுத்துள்ள கோலார் தங்கவயலில், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் நிறுவன நிலத்தில் அமைந்த ‘லைன்’ வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தனர். வீடு நிறுவனத்துடையது, வாழ்வு அவர்களுடையது. 2001 பிப்ரவரி 28-உடன் சுரங்கம் மூடப்பட்டபோது, உடைமையின்றி உரிமை மட்டும் கொண்டோர் நிலை வெளிப்பட்டது. பாறையை அரைத்துப் பொன் பிரித்தபின் எஞ்சிய சைனைடு மண்மேடுகள் திரைப்படப் படப்பிடிப்புக்கு உகந்த பாலைநிலமாயின. 2018-இல் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்’ என்னும் கன்னடத் திரைப்படம் அவ்விடத்தை நாடறியச் செய்தது. காற்றடிக்கும் பருவத்தில் அம்மேடுகளின் தூசு புகும் வீடுகளில் வாழ்வோர்க்கு அது பின்புலம் அன்று. மாமல்லபுரத்து வலையும் தங்கவயலின் மண்மேடும் ஒன்றாகா. ஒன்று நடைபெறும் தொழிலின் கருவி, மற்றொன்று முடிந்த தொழிலின் எச்சம். ஆனால் காண்போன் இரண்டையும் ஒரே விதமாகக் காண்கிறான்.

விருந்தும் வாடகையும்

இங்கு ஓர் எதிர்வாதத்தைக் கடந்துசெல்லல் ஆகாது. மீன்வளம் குன்றிவரும் காலத்தில் சுற்றுலா மீனவர்க்கு வாழ்வளிக்கவில்லையா? மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவிலும் (ஒருபுறம் மட்டும் வீடுகள் கொண்ட தெருவை ஒற்றைவாடை என்பது வழக்கு, இன்று அங்கு இருபுறமும் விடுதிகள்) அதனைச் சூழ்ந்த பகுதியிலும் மாடியில் அறை கட்டி வாடகைக்கு விட்ட குடும்பங்கள் உண்டு. கோவளத்து மீனவ இளைஞர் அலைச்சறுக்கில் தேர்ந்து பிறர்க்குக் கற்பிக்கின்றனர். கடலை நன்கு அறிந்த உடலுக்கு அது புதிய தொழில். 2021-இல் கோவளம் கடற்கரை நீலக்கொடிச் சான்று பெற்றது. மகன் கடலுக்குப் போக வேண்டாம் என்று எண்ணும் தாயின் முன் நின்று நெய்தல் மரபு அழிகிறது என வருந்துவது கொடுமை. கட்டுமரத்திலேயே அவன் நிற்க வேண்டும் என விரும்புவோனும் அவனைக் கருப்பொருளாக்குபவனே. சுற்றுலாப் பயணிக்கும் பண்பாட்டுக் காவலனுக்கும் இவ்வகையில் வேறுபாடு சிறிது. பழமையைப் போற்றும் கட்டுரைகள் இவ்விடத்தில் பெரிதும் வழுக்குகின்றன.

ஆகவே மாற்றம் நன்றா தீதா என்பது வினாவன்று. மாறுவோன் எந்நிலையில் நின்று மாறுகிறான் என்பதே நோக்கற்குரியது. தமிழ் அறநூல் மரபு இதற்கு ஒரு சொல்லை வைத்திருக்கிறது. விருந்து என்னும் சொல் புதுமையைக் குறிப்பது. தொல்காப்பியச் செய்யுளியலில் அது புதிதாகப் புனையும் யாப்பின் பெயராகவும் வருகிறது. புதிதாக வந்தவனை ஏற்பதே விருந்தோம்பல். வள்ளுவர் அதனை இல்லறவியலுள் வைத்தார். வைப்புமுறை தற்செயலன்று. விருந்தோம்புதற்கு முதலில் இல்லம் வேண்டும். வாயிலைத் திறக்கவும் மூடவும் வல்லவனே திறந்தமைக்காகப் பாராட்டப்படுவான். வாயிலே இல்லாதவன் வீட்டில் எவர் நுழைந்தாலும் அது விருந்தன்று. மாடி அறையை வாடகைக்கு விடும் குடும்பத்துக்கு வாயில் உண்டு, வேண்டாதோரை மறுக்கலாம். அதனால் அவ்வாடகையில் விருந்தின் சாயல் ஓரளவு எஞ்சியுள்ளது. கரை எடுக்கப்பட்டபின் அதே விடுதியில் தோட்டவேலைக்குச் சேர்பவனுக்கு மறுக்கும் வாயில் இல்லை. இருவரும் சுற்றுலாவால் பிழைப்பவரே, கூலியும் ஒத்திருக்கலாம்; அறத்தின் கண்ணுக்கு இருவர் நிலையும் ஒன்றன்று.

இம்மறுக்கும் உரிமை ஊரில் எவரிடம் உள்ளது என்று மேலும் வினவினால் சிக்கல் முதிர்கிறது. சோழமண்டலக் கரையின் பட்டினவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தே கடலுக்கும் கரைக்கும் உரிய ஒழுங்கைக் காத்துவந்தது. எந்நாளில் தொழிலுக்குச் செல்லலாகாது, எவ்வலை ஆகாது என முடிவுசெய்யும் வலிமை அதற்கு உண்டு. வெளியாரோடு பேசுவதும் அதுவே. கரையைக் குறித்த உடன்பாடுகளும் அதன் வழியே நிகழும். மரபுவழிப்பட்ட அவ்வவையில் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் கரை சுருங்கும்போது முதலில் மறைவது கருவாடு உலர்த்தும் மணல். அது பெண்களின் தொழிலிடம். படகுக்கு வேறு துறை தேடலாம். பைபர் படகை இழுத்துக் கரையேற்றச் சிறிதளவு இடம் எவ்வாறேனும் கிடைத்துவிடும். வெயில்படும் பரந்த மணலுக்கு மாற்று இல்லை. ஊரே விரும்பி உடன்பட்டது என்று ஆவணம் கூறும்போது, உலர்த்தும் இடத்தை இழந்தோர் அவ்விருப்பத்தில் கலந்தனரா என்பது ஆவணத்தில் விளங்குவதில்லை.

நற்றிணைப் பாட்டில் விலகி நிற்க என்று கூறிய குரல் பரதவர் தலைவனுடையதன்று. மீன் உணங்கும் மணலில் நின்று புள்ளோச்சிய பெண்களுள் ஒருத்தியின் குரல் அது.